வெள்ளி அடைத்த பல்லும் கன்னத்து எரிச்சலும்: இரண்டு வருட அனுபவம்

சொத்தைப் பல்லுக்கு வெள்ளி அடைத்தவர்கள் நம்மிடையே ஏராளம். அதில் பாதரசம் இருக்கிறது என்பது சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிடமும் இரண்டு பேச்சுதான் ஓடுகிறது. ஒரு கூட்டம் அது விஷம், உடனே எல்லாவற்றையும் எடுத்துவிடு என்கிறது. இன்னொரு கூட்டம் நூறு வருஷத்துக்கும் மேலாக வைக்கிறார்கள், ஒன்றும் ஆகாது போ என்கிறது. நான் இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கிட்டத்தட்ட இரண்டு வருஷத்தையும் 60,000 ரூபாய்க்கு மேல் பணத்தையும் விட்டவன். கடைசியில் பார்த்தால் எனக்கு இருந்த பிரச்சினையை இந்த இரண்டு தரப்புமே சொல்லவில்லை. பல் மருத்துவப் பாடப் புத்தகத்தில் தெளிவாக இருக்கிற விஷயம் அது, என்னிடம் வந்து சேரத்தான் இவ்வளவு நாளாகிவிட்டது.

சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். வேலை கரூரில், ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவு. வாரம் முழுக்க ரூமில் தனியாக இருப்பேன், சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்குப் போவேன். கல்லூரி படிக்கும்போது கடைவாய்ப் பற்களில் வரிசையாகச் சொத்தை வந்து ஆறு பற்களில் வெள்ளி அடைத்தார்கள். அந்த டாக்டர் அடைத்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. சின்னக் கண்ணாடிக் கல்வத்தில் சாம்பல் நிறப் பொடியைக் கொட்டி, ஒரு புட்டியிலிருந்து பாதரசத்தைச் சொட்டவிட்டு அரைப்பார். மாவு மாதிரி திரண்டதும் ஒரு துணியில் வைத்து முறுக்கிப் பிழிவார், மிச்சப் பாதரசம் பளபளவென்று உருண்டு விழும். அப்புறம் அதை எடுத்துப் பல்லில் வைத்து அழுத்துவார். இப்போதெல்லாம் அளந்து அடைத்த கேப்சூல் வந்துவிட்டது, கையால் அரைப்பது குறைந்துவிட்டது. ஆனால் கலவை அதேதான்: எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம், மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. பெயர்தான் வெள்ளி அடைப்பு, மருத்துவர்கள் அமால்கம் என்பார்கள்.

இருபது வருஷம் அந்த அடைப்புகள் ஒரு தொந்தரவும் தரவில்லை. பிறகுதான் இடது கன்னத்தின் உள்பக்கம் எரிய ஆரம்பித்தது. முதலில் வாய்ப்புண் என்று நினைத்தேன். புண் என்றால் பத்து நாளில் ஆறும், இது ஆறவே இல்லை. குழம்பு பட்டால் எரிச்சல், ரசம் பட்டால் கண்ணில் தண்ணீர், பற்பசையில் இருக்கிற புதினாக் காட்டம்கூடத் தாங்கவில்லை. மெஸ்ஸில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க நான் மூன்று வேளையும் தயிர்சாதம், இட்லிக்குச் சர்க்கரை. பொது மருத்துவர் பி காம்ப்ளக்ஸ் கொடுத்தார், தடவ ஜெல் கொடுத்தார். மாற்றி மாற்றி அதுவே பல மாதம் ஓடியது. இடையில் ஒரு பல் மருத்துவர் பல் கூராக இருக்கிறது, உரசுகிறது என்று ராவிவிட்டார். இரண்டு நாள் நன்றாக இருப்பதுபோல் இருந்தது, பழையபடி ஆகிவிட்டது.

ஒருநாள் போன் டார்ச்சைப் போட்டு, ஸ்பூன் காம்பால் கன்னத்தை இழுத்துப் பிடித்துக் கண்ணாடியில் பார்த்தேன். உள்ளே சிவந்த தோல்மேல் சிலந்தி நூல் பின்னியதுபோல வெள்ளைக் கோடுகள். அதைப் பார்த்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான், வாய்ப் புற்று. போகிற இடத்திலெல்லாம் கேட்கிற முதல் கேள்வியும் அதையே உறுதிப்படுத்தியது. "பாக்கு போடுவீங்களா? புகையிலை? ஹான்ஸ்?" இல்லை என்றால் நம்புவதில்லை. "எங்ககிட்ட மறைக்காதீங்க சார், நாங்க டாக்டர்" என்பார்கள். வெற்றிலைகூடக் கல்யாண வீட்டில் மட்டும் போடுகிற ஆள் நான். நம் ஊரில் ஆண்பிள்ளை வாயில் வெள்ளைத் திட்டு என்றால் புகையிலைக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள், வேறு காரணம் தேடுகிற வேலை அங்கேயே நின்றுவிடுகிறது. அந்தக் கேள்வி பெண்டாட்டி காதில் விழுந்தால் அவளும் சந்தேகப்படுவாளோ என்ற பயத்தில் வீட்டில் சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் ஆசையாக வைத்த மீன் குழம்பை வயிறு சரியில்லை என்று தள்ளிவைப்பேன். ரூமில் ராத்திரி தூக்கம் வராது. இன்சூரன்ஸ் பாலிசி எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன், அந்த அளவுக்குப் போய்விட்டேன்.

பிறகு ஒரு டாக்டர் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னார். பயாப்ஸி என்றதும் உடம்பு நடுங்கியது, ஆனால் செய்தபோது அது ஒன்றுமில்லை. மரத்துப்போக ஊசி, ஒரு சின்ன வெட்டு, இரண்டு தையல், 4,500 ரூபாய். ரிப்போர்ட் வரும் வரைக்கும் இருந்த காத்திருப்புதான் கொடுமை. வந்த ரிப்போர்ட்டில் புற்று இல்லை, புற்றுக்கு முந்தைய செல் மாற்றமும் இல்லை, லைக்கனாய்டு மாற்றங்கள், அதாவது லைக்கன் என்ற தோல் நோயில் வருவதுபோன்ற அழற்சி என்று இருந்தது. லிஃப்டில் நின்று அழுதேன். இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். வாயில் ஒரு புண்ணோ திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், காரணம் எதுவாக இருந்தாலும், ஜெல் தடவிக் காலம் கடத்தாமல் காட்டிவிடுங்கள். பயாப்ஸி என்ற வார்த்தைக்குப் பயந்து நாள் ஓட்டுவதில் ஒரு லாபமும் கிடையாது.

சரி, புற்று இல்லை, அப்படியென்றால் என்ன? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஸ்டீராய்டு பேஸ்ட் கொடுத்தார்கள். தடவினால் அடங்கும், நிறுத்தினால் வரும், தொடர்ந்து தடவியதில் வாயில் பூஞ்சை வந்து அதற்குத் தனி மருந்து. இந்தச் சமயத்தில்தான் அலுவலகத்தில் ஒருவர், "உங்க வாயில இருக்கிற சில்வர்தான் எல்லாத்துக்கும் காரணம், அது மெர்க்குரி" என்றார். பாதரசம் என்ற சொல் எங்கள் மாவட்டத்துக்காரனுக்குச் சாதாரணச் சொல் இல்லை. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலைக் கழிவு வெளியில் கிடந்த விவகாரம் வெடித்து 2001-ல் ஆலை மூடப்பட்டது, அங்கே வேலை பார்த்தவர்கள் சிறுநீரகம் போச்சு, உடம்பு போச்சு என்று வருஷக்கணக்கில் போராடியதைச் செய்தியில் பார்த்து வளர்ந்தவன் நான். அதே சாமான் என் வாயில் இருபது வருஷமாக இருக்கிறது என்று நினைத்ததும் ஞாபகமறதி, கை நடுக்கம், அசதி எல்லாமே இருப்பதுபோல் தோன்ற ஆரம்பித்தது.

உடம்பிலிருந்து உலோகத்தை இறக்குகிறோம் என்று சொல்லும் ஒரு டீடாக்ஸ் மையத்துக்குப் போனேன். ஊரும் பேரும் வேண்டாம். கன்சல்டேஷனுக்கும் டெஸ்டுக்குமாக 14,000 ரூபாய். ஒரு மாத்திரையை விழுங்கச் சொன்னார்கள், அப்புறம் ஆறு மணி நேரம் போகிற சிறுநீரை ஒரு கேனில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். ரிப்போர்ட் வண்ண வண்ணமாக வந்தது, பாதரசத்துக்கு நேரே நீளமாக ஒரு சிவப்புக் கோடு. ஆறு அடைப்பையும் ஒரே வாரத்தில் எடுக்க வேண்டும், அதோடு ஊசி வழியாக மருந்து ஏற்றும் பேக்கேஜ் எடுக்க வேண்டும் என்றார்கள். 20,000 முன்பணம் கட்டச் சொன்னார்கள், அன்றே கட்டினேன். அது திரும்பி வரவில்லை.

அந்தப் பேக்கேஜிலிருந்து என்னைக் காப்பாற்றியது என் சித்தப்பா மகள். ஒரு மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். ஏதோ விசேஷத்தில் பார்த்தபோது ரிப்போர்ட்டைக் காட்டினேன். வாங்கி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அண்ணே, மாத்திரை ஏதாவது கொடுத்துட்டு யூரின் பிடிச்சாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். அந்த மாத்திரை உலோகத்தைப் பிடித்து இழுத்துச் சிறுநீரில் தள்ளுகிற மருந்து. யாருக்குக் கொடுத்தாலும், ஒரு பாதிப்பும் இல்லாத ஆளுக்குக் கொடுத்தாலும், எண் ஏறும். ஆனால் ரிப்போர்ட்டில் பக்கத்தில் போட்டிருக்கும் 'சாதாரண அளவு' மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு உரியது. அப்புறம் சிவப்பு வராமல் என்ன செய்யும்? அமெரிக்காவின் மருத்துவ நச்சியல் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு இந்த மாதிரிச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. ஊசி வழியாக ஏற்றும் மருந்து இன்னும் ஆபத்து. தவறான மருந்து ஏற்றி ரத்தத்தில் கால்சியம் திடீரென்று இறங்கி 2005-ல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் இறந்திருக்கிறான். நிஜமான உலோக நச்சுக்கு இந்த மருந்துகள் உயிர் காப்பவை, ஆனால் அதை ஆஸ்பத்திரியில் கண்காணிப்போடு கொடுக்க வேண்டும், பேக்கேஜாக விற்கக் கூடாது.

அவள் சொன்னபடி மாத்திரை எதுவும் இல்லாமல் சாதாரணச் சிறுநீர்ப் பாதரசச் சோதனை செய்தேன், சிறுநீரில் வழக்கமாக வெளியேறும் கிரியேட்டினின் என்ற கழிவுப் பொருளின் அளவோடு சேர்த்துக் கணக்கிட்டுத் தருவார்கள், 1,800 ரூபாய். கிராம் கிரியேட்டினினுக்கு 3 மைக்ரோகிராமுக்கும் கீழே வந்தது. பாதரசத்தோடு வேலை செய்கிற தொழிலாளர்களுக்கே அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர்கள் வைத்திருக்கிற எல்லை 20. இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பல் அடைப்பிலிருந்து வருவது ஆவியாகப் போகிற பாதரசம், அது சிறுநீரில்தான் சரியாகத் தெரியும். ரத்தத்திலும் முடியிலும் பெரும்பாலும் தெரிவது மீனிலிருந்து வருகிற வேறு வகைப் பாதரசம். அதனால் பல் அடைப்பைச் சந்தேகித்து முடி டெஸ்ட் எடுக்கச் சொன்னால் காசைக் கொடுக்காதீர்கள், அது நீங்கள் சாப்பிட்ட மீனைத்தான் சொல்லும்.

ஆக, உடம்பில் விஷம் ஏறவில்லை. ஆனால் கன்னம் எரிந்துகொண்டுதானே இருக்கிறது? அதற்கும் அவளே வழி சொன்னாள். பல் மருத்துவக் கல்லூரிகளில் ஓரல் மெடிசின் என்று ஒரு பிரிவு இருக்கிறதாம், வாய்க்குள் வருகிற தோல் நோய்களைப் பார்ப்பது அவர்கள் வேலை. இத்தனை டாக்டரைப் பார்த்தும் இப்படி ஒரு பிரிவு இருப்பதே எனக்குத் தெரியாது. ஓ.பி. சீட்டுக்கு மிகச் சின்னத் தொகைதான். அங்கே இருந்த பேராசிரியை அம்மா புகையிலையைப் பற்றி ஒரே ஒரு தடவை கேட்டார், இல்லை என்றதும் நம்பினார். அதற்கே அவருக்குக் கைகூப்ப வேண்டும்போல் இருந்தது. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டு எழுதிக்கொண்டார், ஏனென்றால் சில பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, வலி மாத்திரைகூட இதேபோல் வெள்ளைக் கோடு உண்டாக்குமாம். அப்புறம் வாயை லேசாக மூடி, கன்னத்தைத் தளர்த்தச் சொல்லி, கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். தன் மாணவியைக் கூப்பிட்டு, "திட்டு எங்க முடியுதுன்னு பாரு" என்றார். அந்தப் பெண் பார்த்துவிட்டு, "ஃபில்லிங் முடியிற இடத்துல மேம்" என்றாள். எனக்கும் போட்டோ எடுத்துக் காட்டினார்கள். கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டில் வெள்ளி அடைப்பு பல்லின் வெளிப்பக்கச் சுவர் வரைக்கும் வந்திருந்தது. கன்னம் அந்த உலோகத்தோடு ஒட்டி உட்காரும் இடத்தில் மட்டும்தான் அந்தப் பின்னல். வலது கன்னம் சுத்தமாக இருந்தது. இரண்டு வருஷமாக எத்தனையோ பேர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள், திறந்தால் கன்னம் பல்லை விட்டு விலகிவிடும், மூடிப் பார்த்தால்தான் எது எதைத் தொடுகிறது என்று தெரியும்.

இது நச்சு இல்லை, ஒவ்வாமை என்று விளக்கினார். கவரிங் நகை போட்டால் சிலருக்குக் கழுத்து அரிக்கிறதே, அந்த வகை. வருஷக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று தொடங்கலாம், உலோகம் தொடுகிற இடத்தில் மட்டும் வரும். உறுதிப்படுத்தத் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்டுக்கு அனுப்பினார்கள், 3,500 ரூபாய். முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன ஒட்டுகள், இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது, எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி இரண்டு நாள் கழித்துப் பார்ப்பார்கள். பாதரசம் வைத்த இடம் சிவந்து பொரிப்பொரியாகத் தடித்திருந்தது. சின்ன வயதில் அடிபட்டால் சிவப்பு மருந்து போடுவார்களா என்று தோல் மருத்துவர் கேட்டார். எங்கள் வீட்டில் மெர்குரோக்ரோம் பாட்டில் இல்லாத நாளே இல்லை. அந்தப் பெயரில் இருப்பதும் மெர்க்குரிதான், ஒவ்வாமை அங்கேயே தொடங்கியிருக்கலாம் என்றார். டெஸ்ட் சிலருக்குப் பிடிபடாமலும் போகலாம், அப்போதும் திட்டு அடைப்பை ஒட்டியே இருந்தால் மாற்றிப் பார்ப்பது நியாயம்தானாம்.

எல்லா அடைப்பையும் எடுத்துவிடலாமா என்று பேராசிரியை அம்மாவிடம் நானே கேட்டேன். வேண்டாம் என்றார். கன்னத்தைத் தொடுகிற அந்த இரண்டு மட்டும் போதும். நன்றாக இருக்கும் அடைப்பை டிரில் பண்ணி எடுக்கும்போது அந்தச் சமயத்துக்குப் பாதரச ஆவி கூடுதலாக வரும், நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகும். அமெரிக்காவின் மருந்து, மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-ல் சொன்னதும் இதுதான்: மருத்துவக் காரணம் இல்லாமல் நல்ல அடைப்பை எடுக்காதீர்கள். அதே அறிக்கையில் கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், பால் கொடுக்கும் தாய்மார்கள், குழந்தைகள், அதிலும் ஆறு வயதுக்குக் கீழே இருப்பவர்கள், நரம்பு நோயோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள், பாதரச ஒவ்வாமை இருப்பவர்கள், இவர்களுக்கு முடிந்தவரை புதிதாக அமால்கம் வைக்க வேண்டாம் என்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும், ஆளுக்கு ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள்.

எடுப்பதற்கு ஆள் தேடியதில் நான் ரொம்பக் கறாராக இருந்தேன், நீங்களும் இருங்கள். போனிலேயே கேளுங்கள், ரப்பர் டேம் போடுவீர்களா என்று. பல்லை மட்டும் வெளியே விட்டு மீதி வாயை மூடுகிற மெல்லிய ரப்பர் விரிப்பு அது. தேவையில்லை, நாங்க வேகமா எடுத்துடுவோம் என்று சொன்ன இடங்களை விட்டுவிட்டேன். நல்ல இழுவை உள்ள சக்ஷன் பல்லுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், தண்ணீர் தெளிக்காமல் டிரில் பண்ணக் கூடாது. முழுவதையும் பொடியாக அரைக்காமல், சுற்றிக் கீறி, துண்டாகப் பெயர்த்து எடுக்க வேண்டும். எனக்குச் செய்தவர் இதையெல்லாம் சொல்லாமலே செய்தார். இரண்டு மூன்று கீறலில் கரும்சாம்பல் துண்டு 'டக்'கென்று கழன்று வந்தது, அதை மூடி போட்ட டப்பாவில் போட்டார். ஒரு பல்லுக்குப் பல் நிறக் காம்போசிட், 2,000 ரூபாய். இன்னொன்றில் பழைய குழி பெரிது, அடைத்தால் நிற்காது என்று செராமிக் கேப், 9,000. சில வாரம் குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கூசியது, அது தானாகச் சரியாகிவிட்டது. மாற்றுகிற பொருளை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், விலை வித்தியாசம் அதிகம்.

எரிச்சல் மறுநாளே போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை, திரும்பவும் பயம் பிடித்துக்கொண்டது. அப்புறம் காரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்க ஆரம்பித்தது, வெள்ளைக் கோடுகள் மறைய இன்னும் சில மாதம் ஆனது, ஒரு மெல்லிய கோடு இன்னமும் இருக்கிறது. அந்த இடைக்காலத்தில் எனக்கு உதவியது குழந்தைகளுக்கான காட்டமில்லாத பற்பசையும், சாப்பிட்டதும் வெறும் தண்ணீரில் கொப்பளிப்பதும்தான். இந்த வகைத் திட்டு புற்றாக மாற ஒரு சின்ன வாய்ப்பு உண்டு என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள், போய்க்கொண்டிருக்கிறேன். வீட்டிலும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "என்னங்க, புகையிலை போடுற ஆளா நீங்க, எனக்குத் தெரியாதா" என்றாள். ரெண்டு வருஷம் இதற்கா பயந்தேன் என்று இருந்தது.

பொதுவாக இந்த அடைப்பைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், அது போய்த்தான் ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஜூலையில் 15 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்களுக்கும் நிறுத்தியது, 2025 ஜனவரியிலிருந்து ஏறக்குறைய முழுவதுமாகவே நிறுத்திவிட்டது. ஸ்வீடன் 2009-லேயே நிறுத்தியது. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் போட்ட, இந்தியாவும் கையெழுத்திட்ட மினமாட்டா உடன்படிக்கையில் 2034-க்குள் இதை ஒழிப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிய காரணம் கழிவாகப் போய் மண்ணிலும் தண்ணீரிலும் சேர்கிற பாதரசம். ஆனால் 2006-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், அமெரிக்காவிலும் போர்ச்சுகலிலும் குழந்தைகளை 5 வருஷம், 7 வருஷம் என்று தொடர்ந்து பார்த்தும், அமால்கம் வைத்தவர்களுக்கு அறிவிலோ நரம்பிலோ பாதிப்பு கூடுதலாகத் தென்படவில்லை. அதையும் தெரிந்துகொண்டால் ராத்திரித் தூக்கம் கெடாது.

என் வாயில் மீதி நான்கு அடைப்பு அப்படியே இருக்கிறது. அவை பல்லின் மேல்பரப்பில் இருப்பவை, கன்னத்தைத் தொடுவதில்லை. உடைந்தாலோ ஓரம் கசிந்தாலோ காம்போசிட்டாக மாற்றிக்கொள்வேன். பர்ஸில் 'பாதரச ஒவ்வாமை' என்று அந்த அம்மா எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கிறது, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் காட்டிவிடுகிறேன். போன மாதம் சின்ன மகளுக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை என்று கூட்டிப்போனேன். என்ன பொருள் வைக்கப்போகிறீர்கள் டாக்டர் என்று கேட்டேன். கிளாஸ் அயனோமர், பாதரசம் கிடையாது என்றார். கேஸ் ஷீட்டில் அதை எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன், 700 ரூபாய்.